கப்பலேறிய கணக்கு வாத்தியார்

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டுப் பையன் புரட்டாசி மாதத்தில் ஜெர்மனிக்குப் புறப்பட்டான். மேல்படிப்பும், அதோடு சேர்த்து ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சியும் என்று ஏற்பாடு. மதுரை ஜங்ஷனில் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு வழியனுப்பத் தெருவில் பாதிப் பேர் போயிருந்தோம். அவனுடைய தாயார் பெட்டியில் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு சின்ன குக்கர் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்திருந்தாள். பெட்டி எடை கூடிவிடும் என்று பையன் முணுமுணுத்தான். "எடை கூடினால் உன் புத்தகத்தை எடுத்து வெளியே வை" என்றாள் அந்த அம்மாள். வண்டி நகரும் வரையில் அவள் அழவில்லை. வண்டி நகர்ந்த பிறகு நாங்கள் யாரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் இரவு எனக்கு டெலிபோன் வந்தது.

"தாத்தா, தூங்கிவிட்டீர்களா?"

"இல்லை, சொல்லப்பா. சௌக்கியந்தானே?"

"சௌக்கியந்தான். ஆனால் இங்கே எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை, தாத்தா. வகுப்பில் சொல்வது பாதி புரியவில்லை. புரிகிற பாதி நம் ஊரிலேயே படித்ததாக இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் தெருவில் ஆள் நடமாட்டமில்லை. பேசாமல் திரும்பி வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்."

இந்த மாதிரி சமயங்களில் பெரியவர்களாக இருப்பவர்கள் தைரியம் சொல்ல வேண்டும் என்பது சம்பிரதாயம். எனக்குத் தைரியம் சொல்லத் தெரியாது. கதை சொல்லத்தான் தெரியும். ஆகையால் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மனக்கசப்புடன் லண்டன் போய்ச் சேர்ந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கதையைச் சொன்னேன். அன்றிரவு அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீர்காழியில் 1892-ஆம் வருஷம் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். பேச்சில் கொஞ்சம் திக்கல் உண்டு. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். 1917-இல் மங்களூரில் அரசாங்கக் கல்லூரி ஆசிரியராகி, பிறகு கோயமுத்தூரிலும், அதன்பின் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். திக்கல் உள்ள மனிதர் வாத்தியார் வேலைக்குப் போவதென்றால், அந்த வேலையின் மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். வகுப்பும் கரும்பலகையும் மாணவர்களுமே அவருக்கு உலகம். குறை ஒன்றே ஒன்று: சம்பளம் போதவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னை ஸர்வகலாசாலை தன் புத்தகசாலைக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று அறிவித்தது. சம்பளம் நல்ல சம்பளம். அதோடு ஒரு நிபந்தனை: நியமனம் பெறுகிறவர் இங்கிலாந்துக்குப் போய் நூலகத் தொழிலைக் கற்றுவர வேண்டும். விண்ணப்பித்தவர்கள் தொள்ளாயிரம் பேர் என்று சொல்வதுண்டு. ஒருவருக்கும் அந்தத் தொழில் தெரியாது. நண்பர்கள் வற்புறுத்தி ரங்கநாதனையும் விண்ணப்பம் போட வைத்தார்கள். நேர்முகப் பரீட்சைக்குச் சில நாள் முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒன்று. எப்படியோ, வேலை அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரி மாதம் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த மறுநாளே வருத்தம் தொடங்கிவிட்டது.

அந்நாளில் ஸர்வகலாசாலைப் புத்தகசாலை எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இருந்தது. அழகான கட்டடம். உள்ளே அலமாரி அலமாரியாகப் புத்தகம். புத்தகத்தைத் தேடி வருகிறவர்தாம் இல்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரையில் சிப்பந்திகளைத் தவிர மனித முகமே கிடையாது. நேற்று வரையில் வகுப்பு நிறையப் பையன்களோடு இருந்த மனிதருக்கு இது தனிச் சிறையில் போட்டது போலிருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அதன் பிறகு ராஜதானிக் கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், "என்னைத் திரும்பவும் வாத்தியாராக எடுத்துக் கொள்ளுங்கள்" என்று மன்றாடினார்.

முதல்வர் விஷயம் தெரிந்தவர். "அவசரப்படாதே, லண்டன் பிரயாணம் எப்படியும் உனக்கு உண்டு. போய்விட்டு வா. திரும்பி வந்த பிறகும் இந்த வேலை கசந்தால் உன் பழைய இடத்தைத் தருகிறேன்" என்ற கருத்தில் பதில் சொல்லி அனுப்பினார். இந்த ஒப்பந்தத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீர்காழிக்காரர் கப்பலேறியது நூலகத்தின் மேலுள்ள காதலால் அல்ல. நூலகத்திலிருந்து தப்பித்துக் கொள்ள ஒரு நல்ல வழி கிடைத்தது என்பதால்தான்.

சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பல் பிரயாணம் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். பத்து வருஷத்துக்கு முன்னால், 1914 மார்ச் 17-ந் தேதி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய இன்னொரு கணக்குக்காரர், நம் ராமானுஜன், ஏப்ரல் 14-ந் தேதிதான் லண்டனில் கால் வைத்தார். அவரை வரவேற்க நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞரே நேரில் வந்திருந்தார். சில தினங்களில் தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். ராமானுஜனைத் தேடிக் கேம்பிரிட்ஜ் காத்திருந்தது. ரங்கநாதனுக்கு அப்படியெல்லாம் யாரும் காத்திருக்கவில்லை. (பின்னாளில் ராமானுஜனைப் பற்றிய நினைவுகளையெல்லாம் சேகரித்து 1967-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டவர் இதே ரங்கநாதன்தான். முன்னால் போனவரின் அடிச்சுவட்டைப் பின்னால் போனவர் மறக்கவில்லை.)

1924-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் லண்டன் பரபரப்பாக இருந்தது. வெம்ப்ளியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. முதல் தொழிற்கட்சி அரசாங்கம் கவிழ்ந்து, அக்டோபர் 29-ந் தேதி பொதுத் தேர்தல். லக்ஷக்கணக்கான அடுப்புகளில் நிலக்கரி எரிந்துகொண்டிருந்த காலம். குளிர் தொடங்கிவிட்டால் புகையும் மூடுபனியும் ஒன்றுசேர்ந்து பகலையும் இருட்டாக்கிவிடும். இந்த ஊரில் முப்பத்திரண்டு வயதில், ஏழு வருஷம் மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவர் மறுபடி பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும்.

அவர் சேர்ந்த இடம் லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியைச் சேர்ந்த நூலகப் பள்ளி. 1919-இல்தான் அது ஆரம்பமாகியிருந்தது. பிரிட்டனில் அந்த மாதிரி ஸர்வகலாசாலைப் படிப்பு அது ஒன்றுதான். தலைவர் எர்னஸ்ட் பேக்கர் என்பவர். வகுப்புகளில் ரங்கநாதனுக்கு மனம் ஒட்டவில்லை. புத்தகத்துக்குப் பதிவேடு எழுதுவது எப்படி, அட்டையில் பெயரை எங்கே போடுவது என்பன போன்ற பாடங்கள். கணிதத்தில் ஒரு விதி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்துக்கு ஒரு நிரூபணம் இருக்கும். இங்கே விதிகள் இருந்தன. காரணம் கேட்டால் 'வழக்கம்' என்ற பதில்தான் மிஞ்சியது. சென்னையில் வாசகர் இல்லாத நூலகம். லண்டனில் நிரூபணம் இல்லாத பாடம்!

ஆனால் அந்தப் பள்ளியில் ஒருவர் இருந்தார். பெர்விக் ஸேயர்ஸ் என்று பெயர். புத்தகங்களை வகைப்படுத்தும் கலையைப் பற்றி விரிவுரை செய்வார். அவருடைய நித்திய உத்தியோகம் லண்டனுக்குத் தெற்கே குராய்டன் என்ற ஊரின் பொது நூலகத்தில். அங்கே அவர் தலைமை நூலகர். பையனின் சங்கடத்தைக் கண்டுகொண்ட வாத்தியார்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வகுப்பில் உட்கார்ந்தது போதும், குராய்டனுக்குப் போய் வேலையைக் கையால் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்பினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'இன்டர்ன்ஷிப்' என்று சொல்கிறார்களே, அதுதான். நம் பெரியவர்கள் அதை எடுபிடி வேலை என்பார்கள்.

குராய்டன் நூலகம் நகரசபைக் கட்டடத்திலேயே இருந்தது. அங்கே ரங்கநாதன் கண்ட காட்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கன்னிமாராவில் அவர் கழித்த அந்த வெறிச்சிட்ட நாட்களை நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சந்தைக்குப் போகிற வழியில் கூடையோடு குடும்பப் பெண்கள் வந்து நாவல் எடுத்துப் போனார்கள். தொழிலாளி வந்து பத்திரிகை படித்தான். குழந்தைகளுக்கென்று தனியாக இடம் இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம், புத்தக அலமாரிக்குப் பூட்டு இல்லை. வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையில் நடந்து போய், தாமே புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

இது இங்கிலாந்திலும் ஆதியிலிருந்து இருந்த வழக்கம் அல்ல. பொது நூலகச் சட்டம் அங்கே 1850-இல் வந்தது. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் புத்தகம் வேலிக்கு அப்பாலும் வாசகர் வேலிக்கு இப்பாலுமாகத்தான் இருந்தார்கள். 1894-இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பவர் வேலியை எடுத்தபோது, "போச்சு, புத்தகமெல்லாம் திருட்டுப் போய்விடும்" என்று சக நூலகர்களே கூக்குரலிட்டார்கள். கூக்குரல் ஓய முப்பது வருஷம் ஆயிற்று. ரங்கநாதன் போய்ச் சேர்ந்தது அதன் பிறகுதான். ஒரு தேசம் சண்டை போட்டு முடித்த ஒரு பழக்கத்தை அவர் பலனாகவே பார்த்தார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற லாபம் பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

குராய்டனில் அவர் மூலைக்கு மூலை வேலை பார்த்தார். புத்தகம் வாங்குவது, பதிவது, வகைப்படுத்துவது, வாசகரிடம் கொடுப்பது, திரும்ப வாங்கி அடுக்குவது எல்லாம். அதோடு நில்லாமல், கிடைத்த நாட்களில் ஊர் ஊராகப் போய் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க இரண்டு விஷயங்கள் அவர் மனத்தில் உறுத்தின. ஒன்று, நூலகம் என்பது படித்தவர்களின் அலங்காரம் அல்ல, ஊருக்குக் குடிநீர்க் குழாய் எப்படியோ அப்படி என்பது. இன்னொன்று கணக்கு வாத்தியாரின் உறுத்தல்: புத்தகங்களை இவர்கள் அடுக்குகிற முறையில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறை நம் ஊர் உதாரணத்தாலேயே விளக்குகிறேன். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் ஒரு முறை வகுத்தார். அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் பத்தாக்கி, மறுபடி பத்தாக்கி எண் கொடுத்தார். தபாலாபீஸில் கடிதம் போடும் மரத்தட்டு இருக்கிறதே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற புத்தகத்தை ஏதாவது ஒரு அறையில் போட வேண்டும். 'மல்லிகை வளர்ப்பு' என்று ஒரு புத்தகம் வந்தால் சிரமமில்லை. 'மதுரை வட்டாரத்தில் மல்லிகைச் செடியைப் பிடிக்கும் பூச்சியும் அதைத் தடுத்தலும்: 1950 முதல் 1960 வரை' என்று ஒரு புத்தகம் வந்தால்? மல்லிகை அறையில் போட்டால் பூச்சியைத் தேடி வருகிறவனுக்கு அகப்படாது. பூச்சி அறையில் போட்டால் மதுரையைத் தேடி வருகிறவன் ஏமாந்து போவான். நாளைக்கு இன்னும் புதிதாக ஒரு விஷயம் முளைத்தால் அதற்குத் தட்டில் அறையே இருக்காது. இருக்கிற அறை ஒன்றை இரண்டாகப் பிளக்க வேண்டும்.

இந்தத் தலைவேதனையோடு இருந்தவர் ஒரு நாள் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் ஸெல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடைக்குள் நுழைந்தார். அங்கே ஒரு விற்பனையாளர் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் காட்டிக் கொண்டிருந்தார். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் தம் குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்து 1901-இல் காப்புரிமை வாங்கிய பொம்மை அது. உண்மையில் பொம்மைகூட இல்லை. துளை போட்ட தகடுகள், சக்கரங்கள், கம்பிகள், திருகாணிகள், அவ்வளவுதான். அந்த மனிதர் அவற்றைத் திருகாணியால் முடுக்கி ஒரு பொம்மை செய்து காட்டினார். பிறகு கழற்றினார். அதே துண்டுகளால் வேறொரு பொம்மை. மறுபடி கழற்றினார், இன்னொன்று.

பெட்டியில் பொம்மை எதுவும் இல்லை. ஆனால் எல்லாப் பொம்மையும் அந்தப் பெட்டியில் இருக்கிறது! ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகங்களுக்கு அறை எதற்கு? துண்டுகள் போதுமே! மல்லிகை ஒரு துண்டு. பூச்சி ஒரு துண்டு. தடுத்தல் ஒரு துண்டு. மதுரை ஒரு துண்டு. காலம் ஒரு துண்டு. எந்தப் புத்தகம் வந்தாலும் அதற்குரிய துண்டுகளை எடுத்து முடுக்கினால் அதன் எண் தயார். நாளைக்குப் புதிய விஷயம் வந்தால் புதிய துண்டு ஒன்று சேர்த்தால் ஆயிற்று. தகட்டையும் தகட்டையும் சேர்க்கத் திருகாணி வேண்டும் அல்லவா? அதற்கு அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளியை. மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்கிறோமே, அதுதான். ஆகவேதான் அவருடைய முறைக்குக் 'கோலன் பகுப்பு முறை' என்று பெயர் வந்தது. 1933-இல் அது புத்தகமாக வந்தது.

ஸேயர்ஸ் அந்த யோசனையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, இவரை ஊக்கினார். தாம் அதுவரையில் போதித்துவந்த முறைக்கு எதிராக வந்த மாணவனை ஊக்குவது எல்லா வாத்தியார்களுக்கும் கைவருகிற காரியம் அல்ல. கடைசி வரையில் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

1925-இல் ரங்கநாதன் சென்னைக்குத் திரும்பினார். பழைய வகுப்பறை காத்திருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஸர்வகலாசாலை நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். விடுமுறை நாளிலும் நூலகம் திறந்திருக்கும்படி செய்தார். இருபது வருஷ காலம், 1944 வரையில், லீவு என்பதை அறியாமல் அங்கே உழைத்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதே வருஷம் ஒருநாள், தம் பழைய கணித ஆசிரியர் ராஸிடம் தம்முடைய மனச் சங்கடத்தைச் சொன்னார். நூலக வேலையில் ஆயிரம் விதிகள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் வேரான நாலைந்து விதிகள் அகப்படவில்லையே என்று. ராஸ் புறப்படுகிற அவசரத்தில், புத்தகம் இருப்பது உபயோகத்துக்கு என்பதுதானே உன் முதல் விதி என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். மற்ற நாலும் அதைப் பின்பற்றி வந்துவிட்டன. 'நூலக இயலின் ஐந்து விதிகள்' 1931-இல் வெளியாயிற்று. சர் பி. எஸ். சிவசாமி ஐயர் முகவுரை. அறிமுகவுரை எழுதியவர் குராய்டன் ஸேயர்ஸ். லண்டனில் முதல் வாரத்தில் தேடிய நிரூபணத்தைச் சென்னைக்கு வந்து தாமே எழுதிக் கொண்டார் என்று சொல்லலாம்.

அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். குராய்டனில் குடும்பப் பெண் கூடையோடு நூலகத்துக்கு வந்தாள்; இங்கே நூலகம் வண்டி கட்டிக்கொண்டு குடும்பப் பெண்ணிடம் போயிற்று. பிறகு, அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்குப் பின்னணியில் ரங்கநாதன் பல வருஷங்களாகப் போட்டுவந்த விதை இருந்தது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என்று கொஞ்சம் கட்டுகிறோமே, அதன் மூலம் இதுதான்.

மதுரைக்காரனான எனக்கு இந்தச் சீர்காழிக்காரரிடம் சொந்தமாக ஒரு கடன் உண்டு.

எங்கள் ஊர் சங்கம் வளர்த்த ஊர் என்று மார்தட்டிக் கொள்வோம். ஆனால் நான்காம் தமிழ்ச் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பாண்டித்துரைத் தேவர் மதுரைக்கு வந்து தங்கியிருந்தபோது, ஒரு சொற்பொழிவுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் கொண்டுவரச் சொன்னாராம். ஊரெல்லாம் தேடியும் ஒரு பிரதி கிடைக்கவில்லையாம். அந்த வேதனையில்தான் 1901-இல் சங்கமும், அதோடு பாண்டியன் புத்தகசாலையும் தோன்றின என்பார்கள். தமிழ் வளர்த்த கூடல் மாநகரில் தமிழன் கைக்கு ஒரு குறள் அகப்படவில்லை! புத்தகம் எங்கும் இல்லை என்று அர்த்தமல்ல. யார் வீட்டிலோ, எந்தப் பெட்டியிலோ, பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்திருக்கும்.

அந்தப் பத்திரத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். வைகையை ஒட்டிய ஒரு சிற்றூரில், நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே சுமார் நூறு புத்தகம். சாவி பெரிய வாத்தியாரின் இடுப்பில். அஞ்சு வருஷம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகங்களின் முதுகைப் படித்திருக்கிறேன். பெயர்கள் இன்றும் மனப்பாடம். உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் தெரியாது. பரீட்சைப் புத்தகம் வேண்டுமானால் மதுரைக்கு வந்து, மீனாக்ஷி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் கல் தூண்களுக்கிடையில் இருந்த கடைகளில் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்குவோம். (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.) பரீட்சைக்கு இல்லாத புத்தகம் என்று ஒன்று எங்களுக்கு விதிக்கப்பட்டிருக்கவில்லை.

பிறகு பக்கத்து ஊரில், பஞ்சாயத்து ஆபீஸுக்கு அடுத்தாற்போல், ஒரு கிளை நூலகம் திறந்தார்கள். ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சி, நாலு மர அலமாரி. அலமாரிக்குக் கதவே இல்லை. நான் உள்ளே போய் அலமாரி எதிரில் நின்றேன். யாராவது அதட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் அதட்டவில்லை. நூலகர் பத்திரிகைக்கு முத்திரை குத்திக் கொண்டிருந்தார். தேடிப் போனது ஒரு துப்பறியும் நாவல். கைக்கு வந்தது அதற்குப் பக்கத்தில் இருந்த வேறு ஏதோ ஒன்று. ரஷ்யக் கதைகளின் மொழிபெயர்ப்பு. பிரித்தவன் சாயங்காலம் விளக்கேற்றும் வரையில் எழுந்திருக்கவில்லை. நான் கதை எழுத வந்ததற்குக் காரணம் எது என்று பேட்டி காண்கிறவர்கள் கேட்பார்கள். கதவில்லாத ஓர் அலமாரி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் வேறு ஏதாவது சொல்லி வைப்பேன்.

கிளார்க்கன்வெல்லில் எடுத்த வேலி குராய்டனுக்கு வந்து, அங்கிருந்து ஒரு கணக்கு வாத்தியாரோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்து, சட்டமாகி, எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பல வருஷங்கள் கழித்துத்தான் அறிந்தேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ந் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், கிராமத்துப் பிள்ளைகள் தயங்காமல் புத்தகத்தை உருவி எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வருகிறது.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிட வேண்டும். ரங்கநாதனின் கோலன் முறை உலகை ஜெயித்துவிடவில்லை. இன்றைக்கும் பெரும்பாலான நூலகங்கள் டூயியின் எண்களைத்தான் போடுகின்றன. நம் நாட்டிலேயே கோலன் எண் போடும் நூலகங்கள் குறைவு. ஆனால் துண்டுகளைச் சேர்ப்பது என்ற எண்ணம் நூலகத்தைத் தாண்டிப் போய்விட்டது. டெலிபோனில் புடவை வாங்குகிற பெண்மணி, 'பருத்தி' என்று ஒன்றைத் தட்டி, 'நீலம்' என்று ஒன்றைத் தட்டி, 'ஆயிரம் ரூபாய்க்குள்' என்று இன்னொன்றைத் தட்டுகிறாள் அல்லவா? ஒரே புடவையைப் பல முகங்களால் தேடுகிற அந்த வித்தை, ஸெல்ஃப்ரிட்ஜ் கடையில் தட்டிய பொறிக்கு உறவுமுறை. 1972-இல் காலமான ரங்கநாதன் இதைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 12-ந் தேதியை அவர் பெயரால் இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இவ்வளவையும், சுருக்கமாகத்தான், பையனுக்குச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவருக்குத் திரும்பி வந்தால் வேலை இருந்தது, தாத்தா" என்றான்.

நான் சொல்லாமல் விட்டது அதுதான். அவனே கண்டுபிடித்துவிட்டான். ரங்கநாதன் லண்டனில் கண்ணைத் திறந்து பார்க்க முடிந்ததற்கு ஒரு காரணம், பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. பிடிக்காவிட்டால் பழைய நாற்காலி உண்டு. கட்டணமும் கப்பல் செலவும் அவர் தலையில் கடனாக ஏறவில்லை. இந்தப் பையனுக்கோ பாங்கிக் கடன். கடனுக்கு ஜாமீன் அவனுடைய தாயாரின் வீடு. பூட்டிய அலமாரி முன் நிற்கிறவனுக்கும் பின்கதவு பூட்டிய வீட்டில் இருப்பவனுக்கும் மூச்சு முட்டுவது ஒரே மாதிரிதான். "பிடிவாதமாக இருந்து ஜெயித்துக் காட்டு" என்று புத்தி சொல்வது அந்த முதல்வர் செய்த காரியம் ஆகாது. அவர் செய்தது வேறு. "போய்ப் பார், பிடிக்காவிட்டால் வா" என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் வந்தவர் வராமல் போனார்.

எனக்கு யாருக்கும் வேலை போட்டுக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனாலும் சொன்னேன்: "தம்பி, மார்கழி வரையில் பார். அப்போதும் கசந்தால் புறப்பட்டு வந்துவிடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கடனுக்கும் ஏதாவது வழி பார்ப்போம்; அது ஒன்றும் உலகத்தில் யாருக்கும் நேராத சங்கதி அல்ல."

"நிஜமாகவா, தாத்தா?"

"நிஜமாகத்தான்."

பையன் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.

மார்கழி வந்து போய்விட்டது. அவன் வரவில்லை. ஊர் நூலகத்தில் ஓர் அட்டை வாங்கியிருப்பதாகவும், சாயங்காலம் தெருவில் காணாமல் போகிற மனிதர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். தொழிற்சாலையில் பயிற்சி பங்குனியில் ஆரம்பம். அது பிடிக்குமா என்பது அப்போது பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நேற்று அவன் தாயார் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"பையன் உங்களிடம் அடிக்கடி பேசுகிறானாமே. அப்படி என்னதான் சொல்கிறான்?"

"பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதாம், அம்மா" என்றேன்.

அந்த அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடனே துவரம் பருப்பை வறுக்க உள்ளே போய்விட்டாள்.